பாணுக்கு வரும் மீனும் ஆற்றுக்குத் திரும்பும் மீனும்

வெள்ளவத்தைக் கால்வாய் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் காலி வீதி அதைக் கடக்கிறது. காலை நடை முடித்து அந்தப் பாலத்தில் நிற்பவர்களில் ஓர் ஐயா உண்டு. முதல் நாள் மிஞ்சிய பாணைப் பிய்த்துத் தண்ணீரில் போடுவார். துண்டு விழுந்த இடம் உலைபோலக் கொதிக்கும். கறுத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரளும். “பாருங்கள் தம்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம் இது. இப்போது எவ்வளவு மீன்! கால்வாய் பிழைத்துவிட்டது” என்றார் ஒருநாள்.

இன்னொரு நாள், பேர வாவியில் மீன்கள் வயிறு தெரிய மிதந்த பேச்சு வந்தது. “யாரோ நஞ்சு கலந்திருக்கிறார்கள்” என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

இரண்டும் கொழும்பில் பலர் வாயில் வருவதுதான். மீன் தெரிந்தால் தண்ணீர் சுத்தம். மீன் செத்தால் நஞ்சு. இரண்டு தீர்ப்பும் அடிக்கடி பிழையாகிப்போகின்றன, அதுவும் ஒரே காரணத்தால். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பொருள் ஒட்சிசன். நகர ஆறு ஒன்றுக்கு மீன் எப்படித் திரும்புகிறது என்ற கதையில் பெரும்பகுதி அதைச் சுற்றியே நடக்கிறது.

தண்ணீரில் எவ்வளவு மூச்சு இருக்கிறது?

தண்ணீரே ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்ததுதானே, பிறகு மீனுக்கு என்ன தட்டுப்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒட்சிசன் ஐதரசனோடு இறுகப் பிணைந்தது; மீனால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மீன் எடுப்பது வேறு. சோடாப் போத்தலுக்குள் வாயு கரைந்திருப்பதுபோல, காற்றிலுள்ள ஒட்சிசனில் சிறிதளவு தண்ணீரில் கரைந்து நிற்கிறது. இதற்குப் பெயர் கரைந்த ஒட்சிசன். மீனின் பூக்கள், அதாவது செவுள்கள், வடித்தெடுப்பது இதைத்தான்.

அது எவ்வளவு என்று பார்த்தால் இரக்கம் வரும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. கொழும்பின் வெப்பத்தில் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீர் தாங்கக்கூடியதோ ஏறத்தாழ 8 மில்லிகிராம். முப்பது மடங்குக்கும் மேல் குறைவு.

வெப்பம் ஏறினால் அதுவும் குறையும். குளிரூட்டியிலிருந்து எடுத்த சோடா நுரைத்துக்கொண்டு நிற்கும். மேசையில் மத்தியானம் முழுக்க விட்டால் வெறும் இனிப்புத் தண்ணீர். ஆற்றுக்கும் அதே விதிதான். உறையும் நிலையிலுள்ள தண்ணீர் லீற்றருக்கு 14.6 மில்லிகிராம் வரை ஒட்சிசனைத் தாங்கும். ஆகவே குளிர்காலத்து ஐரோப்பிய ஆறு ஒன்றும் களனி கங்கையும் பந்தயத்தில் நின்றால், நம்முடையது ஏறத்தாழப் பாதிச் சேமிப்போடுதான் தொடங்குகிறது.

சுறுசுறுப்பாக நீந்தித் திரியும் பல மீன்களுக்கு லீற்றருக்கு 5 மில்லிகிராம் அளவில் இருந்தால் வாழ்க்கை ஓடும். 2 அல்லது 3க்கு இறங்கினால் திணறும். அதற்கும் கீழே போனால், ஓட முடிந்தது ஓடும், முடியாதது மிதக்கும்.

விருந்தும் விருந்தாளிகளும்

இனி அழுக்குக்கு வருவோம். வீட்டுக் கழிவுநீர் மீனை நேரடியாகக் கொல்வது குறைவு. கொலை நடப்பது ஒரு சுற்றுவழியில்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேருக்குப் பந்தி போட்ட இடத்தில் ஐந்நூறு பேர் வந்து உட்காருகிறார்கள். சோறு மிஞ்சித்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கிணறு வற்றிவிடுகிறது. மாலையில் வீட்டுக்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றில் சோறு என்பது மலசலக் கழிவு, சமையலறைக் கொழுப்பு, இறைச்சிக் கடைக் கழுவல். விருந்தாளிகள் பற்றீரியாக்கள். அவையும் நம்மைப் போலவே உண்ணும்போது மூச்சு விடுகின்றன. பெருகப் பெருகக் கரைந்த ஒட்சிசனைக் குடித்துத் தீர்க்கின்றன. வீட்டுக்காரர்தான் மீன்.

ஒரு லீற்றர் கழிவை உண்டு முடிக்கப் பற்றீரியாக்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதை அளக்கலாம். அந்த அளவை உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்பார்கள். இங்கே ‘கேள்வி’ என்பது சந்தையில் பொருளுக்கு இருக்கும் கேள்வி. பதில் சொல்லும் கேள்வி அல்ல. ஆய்வுகூடத்தில் போத்தலை இருட்டில் ஐந்து நாள் வைத்து, ஒட்சிசன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதுதான் வழமையான முறை. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் இது லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை வரும். இலங்கையில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்குப் பொதுவான உச்சவரம்பு 30.

இந்த எண்ணை நல்ல தண்ணீரின் 8 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதன் கனம் புரியும். 240 மில்லிகிராம் கேள்வி கொண்ட ஒரு வாளிக் கழிவு, முப்பது வாளி நல்ல தண்ணீரின் ஒட்சிசன் முழுவதையும் உறிஞ்சிவிடும். சாக்கடை ஒன்றிலிருந்து விரல் தடிப்பில் கறுப்பாக ஒழுகுவதைப் பார்த்து “இவ்வளவுதானே” என்று நாம் கடந்துபோவது எத்தனை பெரிய பிழை!

ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்த பிறகும் கழிவு மிஞ்சினால், ஒட்சிசன் இல்லாமலே வாழத் தெரிந்த வேறு வகைப் பற்றீரியாக்கள் வேலையை ஏற்கின்றன. அவை ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவை விடுகின்றன. கால்வாயோரம் வரும் கூழ்முட்டை நாற்றம் அதுதான். நாற்றம் அடிக்கும் இடத்தில் மீன் இல்லாததற்கு முதற்காரணம் நாற்றமல்ல. மூச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அந்த நாற்றம் அறிவித்தல்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு, சூட்டில் இன்னும் குறைவு, கழிவு வந்தால் பற்றீரியா பெருகும், பற்றீரியா பெருகினால் ஒட்சிசன் தீரும், மீன் மூச்சுத்திணறிச் சாகும். நஞ்சு கலக்க ஆள் தேவையில்லை.

பச்சை வாவியின் பகலும் இரவும்

போர்த்துக்கேயர் காலத்தில் கொழும்புக் கோட்டைக்கு அரணாக உருவான நீர்ப்பரப்புத்தான் பேர வாவி. அதன் நிறத்தை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்: பச்சை மிளகாய்ச் சட்னியைக் கரைத்து விட்டதுபோல. அந்தப் பச்சை, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அல்கா என்று பொதுவாகச் சொல்கிறோம். கழிவோடு வரும் நைதரசனும் பொசுபரசும் வயலுக்குப் போட்ட பசளைபோல அவற்றைச் செழிக்க வைக்கின்றன. நீர்நிலைக்குச் சத்து மிதமிஞ்சிப்போகும் இந்த நிலைக்கு நற்போசணையாக்கம் என்று பெயர். பெயரில் ‘நல்’ இருப்பது ஒரு கேலிதான்.

பகலில் அல்கா ஒளித்தொகுப்பு செய்து ஒட்சிசனை வெளிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் வாவி அருமையான ஆரோக்கியத்தில் இருப்பதாகத் தோன்றும். சூரியன் மறைந்ததும் உற்பத்தி நிற்கிறது. ஆனால் அல்காவும் மூச்சு விட வேண்டுமே. இரவு முழுவதும் அல்கா, பற்றீரியா, மீன் எல்லாம் சேர்ந்து பகல் சேமிப்பைச் செலவழிக்கின்றன. மிகக் குறைந்த அளவு வருவது விடிவதற்குச் சற்று முன்னால். ஆகவே பகல் நேரத்து ஒற்றை அளவீட்டைக் காட்டி “வாவி நன்றாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேளுங்கள். மீன் வாழ்வதும் சாவதும் சராசரியில் அல்ல. மோசமான ஒரு மணித்தியாலத்தில்.

அந்த மணித்தியாலத்தில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றைத் தொடும் மேற்படலத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்சிசன் எஞ்சியிருக்கும்; அதை உறிஞ்சத்தான். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது விளையாட்டாகவோ, பசியாகவோ தெரியும்.

இனி இதோடு ஒரு பெருமழையைச் சேர்த்துப் பாருங்கள். வாரக்கணக்காக வெயில், கான்களில் கழிவு தேங்கியிருக்கிறது. திடீரென்று கொட்டும் முதல் மழை அதை எல்லாம் ஒரே மூச்சில் வாவிக்குள் தள்ளுகிறது, அடிச்சேற்றையும் கிளறிவிடுகிறது. வானம் மூடியிருப்பதால் அல்காவின் பகல் உற்பத்தியும் குறைவு. மறுநாள் காலையில் வெள்ளை வயிறுகள். எங்கும் மழை வந்தால் தண்ணீர் சுத்தமாகும் என்று நம்புகிறோம். நகர நீர்நிலைக்கு முதல் மழைதான் கண்டம்.

100ஆம் இலக்க பஸ்

ஓடும் தண்ணீர் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

மாலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் புறப்படும் பாணந்துறை பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நெரிசல் உச்சமாவது புறக்கோட்டையில் அல்ல. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று ஏறிக்கொண்டே வந்து, எங்கோ வெள்ளவத்தைக்கு அருகில்தான் கால் வைக்க இடமில்லாமல் போகும். தெஹிவளை தாண்டினால் இறங்குபவர்கள் கூடி, மொரட்டுவையில் உட்கார இருக்கை கிடைக்கும்.

ஆற்றில் கழிவு விழும் இடமும் அப்படித்தான். விழுந்த இடத்திலேயே ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போய்விடாது. பற்றீரியா பெருக நேரம் எடுக்கும்; அதற்குள் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மோசமான இடம் கீழே சில கிலோமீற்றர் தள்ளி வரும். அதற்குப் பிறகு கழிவு குறையக் குறைய, பாறையில் மோதியும் அலையெழும்பியும் காற்றிலிருந்து புதிய ஒட்சிசன் கரையக் கரைய, ஆறு மெல்ல மீளும். கீழிறங்கி மேலேறும் இந்தப் பள்ளத்தை ஒட்சிசன் தாழ்வு எனலாம். அமெரிக்காவின் ஓகையோ ஆற்றை வைத்து 1925இல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் இதற்குக் கணிதம் எழுதினார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அது பாடத்தில் இருக்கிறது.

நிபந்தனை இதுதான்: பஸ் தெஹிவளை தாண்ட வேண்டும். அதாவது இடையில் புதிய கழிவு ஏறாமல் ஓட ஆற்றுக்குத் தூரம் வேண்டும். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கைக்கு, கித்துல்கலைப் பாறைகளில் அடித்து நுரைக்கும்வரை அந்த வசதி உண்டு. கீழே வரவரத் தொழிற்சாலைகளும் ஊர்களும் நெருங்குகின்றன. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கை எடுக்கும் அம்பத்தளையும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு சில கிலோமீற்றரில் மட்டக்குளியும் முகத்துவாரமும் வந்துவிடும், கடல்.

வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனைக் கால்வாய்களுக்கோ ஓடவே இடமில்லை. நிலம் ஏறத்தாழக் கடல் மட்டம். அலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் நின்றபடி நிற்கும். இந்த பஸ் புறக்கோட்டையிலேயே நிற்கிறது. ஆட்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏறுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் மர்மமல்ல. கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டவை. சேர்ந்த கழிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகும்படி அமைந்தது. அந்தக் குழாயோடு இணையாத கட்டடம் தன் கழிவை மழைநீர்க் கானுக்குள் திருப்பிவிட்டால் அது நேராகக் கால்வாய்க்குத்தான் போகும். யாருக்கும் தெரியாது, நாற்றம் வரும்வரை.

தேம்ஸ் சொல்லும் ஒழுங்கு

செத்த ஆறு உயிர்த்ததற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் இலண்டனின் தேம்ஸ். 1957இல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறிவியலாளர்கள் அது உயிரியல் ரீதியில் இறந்துவிட்டது என்றார்கள். நகரை ஊடறுத்த நீண்ட பகுதியில் விலாங்கைத் தவிர மீன் இல்லை. விலாங்கு தோலாலும் சுவாசிக்கத் தெரிந்தது.

பிறகு நடந்தவற்றின் வரிசைதான் முக்கியம். முதலில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. அதனால் ஒட்சிசன் ஏறியது. அதற்குப் பிறகு மீன் தானாக வந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆற்றோரத்து மின்நிலையங்கள் குளிரூட்டுவதற்கு ஆற்றுநீரை உறிஞ்சும். குப்பை போகாதபடி வாயில் ஒரு சல்லடை இருக்கும். அந்தச் சல்லடையில் இலையோடும் கிழிசல் துணியோடும் மாட்டிய மீன்களை எண்ணினார்கள். 1974இல் வெஸ்ட் தர்ரொக் மின்நிலையச் சல்லடையில் ஒரு சல்மன் கிடைத்தது. 1833க்குப் பிறகு அந்த ஆற்றில் கண்ட முதல் சல்மன் என்று கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் ஒரு பாடத்திலும் முடிந்தது. 1979 முதல் சல்மன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் ஆற்றில் விட்டார்கள். சில காலம் திரும்பி வந்தன, பிறகு குறைந்துபோயின. 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பின்னாளில் தேம்ஸில் பிடிபட்டவை பெரும்பாலும் பக்கத்து ஆறுகளிலிருந்து வழிதவறி வந்தவை, விட்ட குஞ்சுகளின் வழித்தோன்றல்கள் அல்ல என்று காட்டியது. நம் ஊரில் யாராவது முக்கியஸ்தர் கமராவுக்கு முன்னால் ஒரு வாளி மீன்குஞ்சைக் கவிழ்க்கும்போது எனக்கு இந்தச் சல்மன்தான் ஞாபகத்துக்கு வரும்.

புயல்மழை நாட்களில் தேம்ஸுக்கும் கண்டம் உண்டு. அதற்காக 1980களின் இறுதியில் ஒட்சிசனை ஆற்றுக்குள் பாய்ச்சும் ஒரு கப்பலையே ஓடவிட்டார்கள். நாளுக்கு 30 தொன் வரை. நோயாளிக்குச் சிலிண்டர் வைத்ததுபோல.

மீன் எங்கிருந்து வரும், எது வரும்?

ஒட்சிசன் வந்துவிட்டால் மட்டும் போதாது. மீன் வருவதற்கு ஓர் ஊற்று வேண்டும். 1986 நவம்பர் 1இல் சுவிற்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே ஓர் இரசாயனக் களஞ்சியம் எரிந்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிகொல்லிகள் ரைன் ஆற்றில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விலாங்குகளைக் கொன்றன. இனி எத்தனையோ தசாப்தம் என்று அஞ்சியவர்களை வியக்கவைத்து, சிற்றுயிர்கள் சில ஆண்டுகளிலேயே திரும்பின. மேலாற்றிலும் கிளையாறுகளிலும் அவற்றின் உறவுகள் பிழைத்திருந்தன; அங்கிருந்து இறங்கி வந்தன.

கொழும்புக்கும் அந்தச் சொத்து இருக்கிறது. களனியின் மேற்பகுதி ஓடைகளில் இலங்கையில் மட்டுமே வாழும் சிறு கெண்டை வகைகள் உள்ளன. நகரைச் சுற்றிய சதுப்பு நிலங்களுக்காகக் கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ், ஈரநில நகராக ஏற்கப்பட்டது. அந்தச் சதுப்பு ஒவ்வொன்றும் வெறும் வெள்ளத் தாங்கி மட்டுமல்ல; கால்வாய் ஒருநாள் மூச்சு விடத் தொடங்கினால் அதில் குடியேற ஆட்களை வைத்திருக்கும் ஊர். சதுப்பை நிரப்பிவிட்டுக் கால்வாயைச் சுத்தம் செய்தால், வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு உறவினர் வீட்டை இடித்ததற்குச் சமம்.

இனி பாலத்துக்கு. பாணுக்கு ஓடிவந்த அந்தக் கறுத்த முதுகுகள் திலாப்பியா. இலங்கை மீன் அல்ல, 1952இல் கொண்டுவரப்பட்டது. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த ஒட்சிசனில்கூடச் சில நேரம் தாக்குப்பிடிக்கும். இன்னொரு தந்திரமும் வைத்திருக்கிறது: தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். நம் கெண்டைகள் கொடியிலும் கல்லிலும் முட்டையிட்டுவிட்டுப் போகின்றன. அங்கே சேறு படிந்தால் முட்டை மூச்சடைத்துவிடும். திலாப்பியாக் குஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை. விரால் காற்றையே விழுங்கிப் பிழைக்கும். மீன்தொட்டிக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்று, வளர்ந்ததும் வீட்டுக்காரர் கொண்டுபோய் ஓடையில் விடுகிற அந்த முள்ளுடம்புக்காரனும் அப்படியே. வயிற்றால் மூச்சு விடும்.

ஆகவே கேட்க வேண்டியது எத்தனை மீன் என்பதல்ல, எந்த மீன் என்பது. மோசமான நீரில் எஞ்சி நிற்பதும் கடைசியாகச் சாவதும் திலாப்பியாவும் விராலும். அவை நிறைந்திருப்பது, மற்றவை இல்லாததன் அடையாளமாகக்கூட இருக்கலாம். ஒட்சிசன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் சிறு கெண்டைகள், அதுவும் பல அளவுகளில், அதாவது இந்த வருடக் குஞ்சும் போன வருடத்துக் குமரும் ஒன்றாகத் தெரிந்தால், அங்கே மீன் பிறந்து வளர்கிறது என்று பொருள்.

இதற்கும் அடிச்சேறு இடம் விட வேண்டும். கழிவை இன்றே நிறுத்தினாலும், பல தசாப்தமாகப் படிந்த சேறு பழைய கடன்போல ஒட்சிசனைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சாப்பிடலாமா?

இத்தனையும் பாலத்தில் வைத்து ஐயாவிடம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஒட்சிசன் சரியாகிவிட்டால் இந்த மீனைச் சாப்பிடலாமா?” நல்ல கேள்வி. அதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் மீனைக் கொல்லாமலே உடலில் சேரும். ஒட்சிசன் அளவீடு அவற்றைக் காட்டாது. நீந்தும் மீன் வேறு, சட்டிக்குப் போகும் மீன் வேறு. இந்தக் கால்வாய் மீனை நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றேன்.

மறுநாள் அவர் வழமையை விட முன்னதாக, ஐந்தரைக்கே வந்து நின்றார். பாண் கொண்டுவரவில்லை. வெளிச்சம் இன்னும் சரியாகப் பிறக்கவில்லை. தெருவிளக்கு தண்ணீரில் விழுந்திருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்றன. அடிக்கடி, வட்ட வட்டமாக, வாய்கள் திறந்து திறந்து மூடின.